பாரா விளையாட்டு: பதக்கப் பட்டியலை எப்படிப் படிக்கணும்? நாகோயாவுக்கு முன்னாடி ஒரு கணக்கு

ஓமலூர் பஸ்ஸ்டாண்டு
2026 அக்டோபர் 18-ல இருந்து 24 வரைக்கும் ஐச்சி-நாகோயாவுல ஆசிய பாரா விளையாட்டு. அது ஆரம்பிச்சதும் வாட்ஸப்ல பதக்கப் பட்டியல் படம் பறக்கும், கூடவே சண்டையும் வரும். பாரிஸ் சமயத்துல வந்த சண்டை ஞாபகம் இருக்கும்: 2024 ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்கு 6 பதக்கம், 71-வது இடம். அதே ஊர்ல பாராலிம்பிக்ஸ்ல 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம், ஆக 29 பதக்கம், 18-வது இடம். "பாரா ஆளுங்க அஞ்சு மடங்கு கெட்டி"ன்னு ஒரு கோஷ்டி, "பாராவுல போட்டி கம்மி, அதான்"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டுல எது சரி? நாடுகளை ஒப்பிடணும்னா எந்த எண்ணைப் பாக்கணும்? கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கருப்பூர் கணக்கு
ரெண்டுமே தப்பு. பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 329 ஈவென்ட், பாராலிம்பிக்ஸ்ல 549. ஒரே நூறு மீட்டர் ஓட்டம் பாராவுல கிளாஸுக்கு (குறைபாட்டோட வகையும் அளவும் வெச்சுப் பிரிக்கற பிரிவு) ஒண்ணா ஒரு டஜனுக்கும் மேல நடக்கும். அதனால மொத்த எண்ணிக்கையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒண்ணும் விளங்காது. போட்டி கம்மிங்கறதும் தப்பு. ஆண்கள் எஃப்64 ஈட்டியில (எஃப்னா எறிதல் கிளாஸ்) நம்ம சுமித் அந்தில் 70.59 மீட்டர் எறிஞ்சுதான் தங்கம் எடுத்தாரு, அதுவும் 800 கிராம் ஈட்டியில.

அடுத்தது இடம். 18-வது இடம்ங்கறது தங்கத்தை மட்டும் வெச்சுப் போட்டது, தங்கம் சமம்னாத்தான் வெள்ளி. பாரிஸ்ல ஸ்பெயின், இந்தியா, கொலம்பியா மூணு பேருக்கும் 7 தங்கம். வெள்ளி 11, 9, 7. அதனால 17, 18, 19. ஆனா மொத்தம் பாத்தா ஸ்பெயினுக்கு 40, நமக்கு 29, கொலம்பியாவுக்கு 28. நம்ம மேல 14-வது இடத்துல இருக்கற ஈரானுக்கு மொத்தமே 25தான், ஆனா 8 தங்கம். ஒரே ஒரு தங்கம் நாலஞ்சு படி தூக்கிவிடும், இறக்கிவிடும். பட்டியலோட நடுப்பகுதியில இடத்தை வெச்சு முன்னேற்றம் பேசறது வீண் வேலை.

ஏற்காடு மூடுபனி
அப்ப மொத்தத்தை வெச்சு வரிசைப்படுத்திட்டாப் போச்சு. 2023 அக்டோபர்ல ஹாங்சோவுல நடந்த போன ஆசிய பாரா விளையாட்டுல நமக்கு 111 பதக்கம், தென் கொரியாவுக்கு 103. ஆனா அவங்க நாலாவது, நாம அஞ்சாவது. இது நியாயமா?

கருப்பூர் கணக்கு
கொரியாவுக்கு 30 தங்கம், நமக்கு 29. ஒரு தங்கத்துல போச்சு. நம்ம 111-ல 51 வெண்கலம்ங்கறதையும் சேத்துப் பாருங்க. அங்கேயே இன்னொண்ணு: ஈரான் 44 தங்கம், மொத்தம் 131, ரெண்டாவது. ஜப்பான் 42 தங்கம், மொத்தம் 150, மூணாவது. மொத்தத்தை வெச்சா வரிசை மாறிடும். 2025 டெல்லி உலக பாரா தடகளப் போட்டியில பிரேசில் 15 தங்கம், 44 பதக்கம், முதலிடம். சீனா 13 தங்கம், 52 பதக்கம், ரெண்டாமிடம். எந்த முறையை எடுத்தாலும் ஒருத்தருக்கு வயிறு எரியும். ரெண்டு நெடுவரிசையும் போட்டு வெச்சுக்கணும், வேற வழியில்ல.

ஹாங்சோ எண்ணை அப்படியே பாராலிம்பிக்ஸுக்கு நீட்டவும் கூடாது. அங்க செஸ் உண்டு, நமக்கு 8 பதக்கம் வந்துச்சு. பாராலிம்பிக்ஸ்ல செஸ்ஸே கிடையாது.

உருப்படியான கேள்வி வேற: எத்தனை பேரை அனுப்பி எத்தனை பதக்கம்? ரியோ 2016-ல 19 பேர், 4 பதக்கம். டோக்கியோவுல 54 பேர், 19 பதக்கம். பாரிஸ்ல 84 பேர், 29 பதக்கம். ஒரு பதக்கத்துக்கு ரியோவுல கிட்டத்தட்ட 4.8 பேர், டோக்கியோவுல 2.8, பாரிஸ்ல 2.9. பெரிய பாய்ச்சல் ரியோவுக்கும் டோக்கியோவுக்கும் நடுவுல நடந்து முடிஞ்சுது. டோக்கியோவுல இருந்து பாரிஸுக்குத் திறமை விகிதம் நகரவே இல்ல, அனுப்பின ஆள் கூடினாங்க, பதக்கமும் கூடுச்சு. பத்திரிகையில "சாதனை உச்சம்"னு எழுதினப்ப இதை யாரும் எழுதல.

அதுக்காக இது சின்ன விஷயம்னு சொல்லல. தகுதி வாங்கி 84 பேர் போறதே லேசுப்பட்ட காரியம் இல்ல. ஆனா அடுத்த எண் எங்கிருந்து வரும்னு தெரியணும்னா இதைப் பிரிச்சுப் பாக்கணும்.

ஏற்காடு மூடுபனி
மக்கள்தொகையால வகுத்துப் பாத்தீங்களா? நெதர்லாந்து 1.8 கோடிப் பேர், பாரிஸ்ல 27 தங்கம், 56 பதக்கம். அதாவது மூணேகால் லட்சம் பேருக்கு ஒண்ணு. நமக்கு 4.8 கோடிக்கு ஒண்ணு. தலையைத் தொங்கப் போட வேண்டியதுதான்.

சேர்வராயன்
தம்பி, அந்த வகுத்தல் பாரா தடகளத்துக்குப் பொருந்தாது. ஒரு ஈவென்ட்டுக்கு ஒரு நாட்டுல இருந்து மூணு பேருக்கு மேல இறக்க முடியாது. 140 கோடி இருந்தாலும் மூணு, 50 லட்சம் இருந்தாலும் மூணு. மக்கள்தொகையைக் காரணம் காட்டறதும் வேண்டாம், சாக்கு சொல்றதும் வேண்டாம். சீனாவும் நம்மளவு ஜனத்தொகைதான், 94 தங்கம், 220 பதக்கம்.

பாக்க வேண்டியது, ஈவென்ட் எங்க குவிஞ்சிருக்குன்னு. பாரிஸ்ல 549-ல 164 தடகளம், 141 நீச்சல். ரெண்டும் சேந்தா பாதிக்கு மேல. தடகளத்துல நாம 17 எடுத்தோம். நீச்சல்ல சைபர். பாராலிம்பிக் நீச்சல்ல இந்தியாவோட ஒரே பதக்கம் 1972 ஹைடல்பெர்க்ல முரளிகாந்த் பெட்கர் எடுத்த தங்கம், அதுக்கப்புறம் வறட்சி.

நீச்சல்தான் பட்டியலைப் புரட்டிப் போடும் இடம். தடகளத்துல பெரும்பாலும் ஒரு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு ஈவென்ட்தான் அமையும். நீச்சல்ல ஒரே ஆள் ஃப்ரீஸ்டைல், பேக், பட்டர்ஃப்ளை, மெட்லி, அதுமேல ரிலேன்னு இறங்கலாம். பாரிஸ்ல சீனாவோட ஜியாங் யுயான்னு ஒரு பொண்ணு தனியா 7 தங்கம். இந்தியா மொத்தமும் 7 தங்கம். இந்த ஒரு வரியை வெச்சுக்கிட்டுப் பட்டியலைத் திரும்பப் பாருங்க.

நம்ம 17 தடகளப் பதக்கத்தைப் பிரிச்சாலும் ஒரு விஷயம் தெரியும். ஹை ஜம்ப் 4, ஈட்டி 4, குண்டு 2, வட்டு 1, கிளப் த்ரோ (மரக்கட்டை எறிதல்) 2, ஓட்டம் 4. ஆண்களுக்கு ஹை ஜம்ப்ல டி47, டி63, டி64ன்னு மூணே ஈவென்ட் (டின்னா ஓட்டம், தாண்டுதல் கிளாஸ்). அந்த மூணுல நாலு பதக்கம்: பிரவீன் குமார் 2.08 தங்கம், நிஷாத் குமார் 2.04 வெள்ளி, ஷரத் குமார் 1.88 வெள்ளி, நம்ம மாரியப்பன் 1.85 வெண்கலம். அதாவது அந்தக் கிணத்துல தண்ணி ஏறக்குறைய இறைச்சாச்சு. ஓட்டத்துல வந்த நாலும் பெண்கள் எடுத்தது: ப்ரீத்தி பால் டி35-ல 100, 200 ரெண்டும், தீப்தி ஜீவன்ஜி டி20 400, சிம்ரன் டி12 200. பாராலிம்பிக் ஓட்டத்துல இந்தியாவுக்கு முதல் பதக்கமே ப்ரீத்தியோடதுதான். வளர இடம் அங்கதான் இருக்கு.

குகை வாசி
பேட்மின்டனை மறந்துட்டீங்க சேர்வராயன் அண்ணா. தமிழ்நாட்டுக்குப் பாரிஸ்ல வந்த 4 பதக்கத்துல மாரியப்பனைத் தவிர மூணும் பேட்மின்டன்: எஸ்யூ5-ல (கையில குறைபாடு உள்ளவங்க கிளாஸ்) துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், எஸ்எச்6-ல (உயரம் குறைஞ்சவங்க கிளாஸ்) நித்யஸ்ரீ சிவன் வெண்கலம்.

இதுல ஈவென்ட் பட்டியலோட விளையாட்டைப் பாருங்க. பேட்மின்டன் பாராலிம்பிக்ஸுக்குள்ள வந்ததே டோக்கியோவுலதான், 14 ஈவென்ட். பாரிஸ்ல 16 ஆச்சு. புதுசா சேந்ததுல ஒண்ணு பெண்கள் எஸ்எச்6 ஒற்றையர். நித்யஸ்ரீ வெண்கலம் எடுத்தது அதுல. டோக்கியோவுல அந்தக் கதவே இல்ல. அதனால டோக்கியோ-பாரிஸ் ஒப்பிடறப்ப, ரெண்டுலயும் இருந்த ஈவென்ட்டை மட்டும் தனியா எடுத்து ஒரு கணக்கு போடணும். இல்லன்னா கதவு கூடினதையும் ஆட்டம் கூடினதையும் ஒண்ணாக் குழப்பிக்குவோம்.

எஸ்யூ5 அரையிறுதியில துளசிமதியும் மனிஷாவும் நேருக்கு நேர் மோதுனாங்க, 23-21, 21-17. ஒரே நாட்டு ஆளுங்க அரையிறுதியில மோதினா இறுதிக்குப் போறது ஒருத்தர்தான். ட்ரா வர்ற அன்னைக்கே இதைக் குறிச்சு வெச்சா எதிர்பார்ப்பு சரியா இருக்கும்.

ஓமலூர் பஸ்ஸ்டாண்டு
மாரியப்பன் பேச்சு வந்ததால கேக்கறேன். அவரு ஊர் பெரியவடகம்பட்டி நம்ம பக்கம், சும்மா விட முடியுமா. ரியோ தங்கம், டோக்கியோ வெள்ளி, பாரிஸ் வெண்கலம். "இறங்கிக்கிட்டே போறாரு"ன்னு டீக்கடையில பேசறாங்க. 1.89, 1.86, 1.85. எண்ணும் அப்படித்தான இருக்கு?

சேர்வராயன்
டீக்கடைக்கு இதை எழுதி ஒட்டுங்க.

முதல்ல, ரியோவுல அவரு தாண்டினது டி42. 2018-ல கிளாஸைப் பிரிச்சாங்க. செயற்கைக்கால் இல்லாம போட்டியிடறவங்க டி42-ல இருந்து 44 வரை, செயற்கைக்கால் போட்டு இறங்கறவங்க டி61-ல இருந்து 64 வரை. ஆனா ஹை ஜம்ப்ல டி42 ஆளுங்களையும் டி63 ஈவென்ட்லயே சேத்து ஆட விடறாங்க. அதனால ஸ்டார்ட் லிஸ்ட்ல ஈவென்ட் பேரு டி63ன்னு இருக்கும், ஆளு பேருக்குப் பக்கத்துல டி42ன்னு இருக்கும். மாரியப்பன், ஷரத் ரெண்டு பேரும் அப்படித்தான். சாதனைப் பட்டியலும் கிளாஸ் வாரியாத் தனித்தனி. இதைப் பாக்காம "உலக சாதனை உடைஞ்சுது"ன்னு போட்டு மாட்டிக்கற யூடியூப் சேனல் நிறைய.

ரெண்டாவது, எட்டு வருஷத்துல இறங்கினது 4 சென்டிமீட்டர். நடுவுல 2024 மே மாசம் கோபே உலகப் போட்டியில 1.88 தாண்டித் தங்கம் எடுத்திருக்காரு. மாறினது எதிராளி. ரியோவுல அமெரிக்காவோட சாம் க்ரூவ், நம்ம வருண் சிங் பாட்டி ரெண்டு பேருக்கும் 1.86. டோக்கியோவுல க்ரூவ் 1.88. பாரிஸ்ல அமெரிக்காவோட எஸ்ரா ஃப்ரெச் 1.94. ரியோவுல எடுத்த 1.89-ஐ அப்படியே பாரிஸுக்குக் கொண்டுபோனா வெள்ளிதான். இன்னொரு பக்கம் 2025 டெல்லியில நம்ம ஷைலேஷ் குமார் 1.91-ல தங்கம், அதே ஃப்ரெச் 1.85-ல வெள்ளி. ஒரு வருஷத்துல ஒருத்தருக்கே 9 சென்டிமீட்டர் ஆடுது. ஹை ஜம்ப்ல பதக்க நிறத்தை வெச்சு ஆளை எடை போடாதீங்க.

உயரம் சமமா வந்தா எப்படிப் பிரிக்கறாங்கன்னும் தெரிஞ்சுக்கங்க, நேரலையில வர்ணனைக்காரர் சொல்லவே மாட்டாரு. கடைசியாத் தாண்டின உயரத்துல யாருக்குத் தவறு கம்மியோ அவருக்கு மேல் இடம். அதுவும் சமம்னா, அந்த உயரம் வரைக்கும் மொத்தத் தவறு. ரியோவுல க்ரூவுக்கு வெள்ளி, பாட்டிக்கு வெண்கலம்னு ஆனது இப்படித்தான். ஸ்கோர் ஷீட்டுல ஓ, எக்ஸ், கோடு மூணு குறி இருக்கும். கோடுன்னா அந்த உயரத்தை விட்டுட்டாங்கன்னு அர்த்தம், தவறு கிடையாது. நிறைய எக்ஸ் போட்டுட்டு மூணாவது தடவையில தாண்டறவங்க சமநிலை வந்தா மாட்டிக்குவாங்க.

டோக்கியோவுல 1.86 வரைக்கும் மாரியப்பனும் க்ரூவும் ஜோடியா வந்தாங்க. 1.88-ஐ க்ரூவ் மூணாவது முயற்சியில தாண்டினாரு, அவ்வளவுதான் வித்தியாசம். அன்னைக்கு மழை வேற. பாதிப்பான கால்ல போட்டிருந்த சாக்ஸ் நனைஞ்சு கனமாயிடுச்சுன்னு மாரியப்பனே பேட்டியில சொன்னாரு.

ஏற்காடு மூடுபனி
சரி, எறிதல்லயாவது தூரத்தை நேரா ஒப்பிடலாமா? பாரிஸ் ஈட்டியில தங்கம் எடுத்த நம்ம நவ்தீப் 47.32, சுமித் 70.59.

சேர்வராயன்
கூடவே கூடாது. நவ்தீப் எஃப்41, உயரம் குறைஞ்சவங்க கிளாஸ், ஈட்டி 600 கிராம். சுமித் எஃப்64, ஈட்டி 800 கிராம். கிளாஸ், எடை ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் ஒப்பீடு.

உக்காந்து எறியற எஃப்51-ல இருந்து 57 வரைக்கும் இன்னொரு உலகம். இருக்கையோட உயரம் மெத்தையோட சேத்து 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஃப்ரேமைத் தரையில பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டணும். எறியறப்ப இடுப்பு இருக்கையை விட்டு எழுந்தா ஃபவுல். நல்ல தூரம் போயும் சிவப்புக் கொடி தூக்கறாங்கன்னா பெரும்பாலும் இதுதான் காரணம். கட்டு தளர்ந்தா ஃப்ரேம் ஆடும், விசையில பாதி அதுலயே போயிடும். கிளப் த்ரோவுல எறியற மரக்கட்டை 397 கிராம், பாரிஸ்ல தரம்பீர் 34.92 தங்கம், பிரணவ் சூர்மா 34.59 வெள்ளி.

கருப்பூர் கணக்கு
நாகோயாவுக்குச் சொந்தமா கணக்கு வெச்சுக்க விரும்பறவங்களுக்கு, ஷீட் இப்படிப் போடுங்க. ஒரு வரிசைக்கு ஒரு பதக்கம், ஒரு ஆளுக்கு ஒரு வரிசை இல்ல. நெடுவரிசை: நாடு, விளையாட்டு, ஈவென்ட் பேரு, ஈவென்ட் கிளாஸ், ஆளோட கிளாஸ், ஆண்/பெண்/கலப்பு, பதக்கம், போட்டியிட்ட எண்ணிக்கை, அளவு, கருவி எடை, நிலை. கலப்பு அணிதான் பெரிய தொல்லை. பாரிஸ் வில்வித்தையில ஷீத்தல் தேவியும் ராகேஷ் குமாரும் சேந்து எடுத்தது ஒரு வெண்கலம். ஆள் கணக்குல போட்டா ரெண்டாயிடும், 29 முப்பதாயிடும்.

"நிலை" நெடுவரிசையை விட்டுடாதீங்க. பதக்கம் மேடையில முடியறதில்ல. நவ்தீப் முதல்ல வெள்ளி, ஈரான் வீரரைத் தகுதிநீக்கம் பண்ணினதும் தங்கம். டோக்கியோவுல எஃப்52 வட்டு எறிதல்ல நம்மாளுக்குக் கிடைச்ச வெண்கலம், கிளாஸ் மறுபரிசீலனையில தகுதி இல்லன்னு முடிவாகி ரத்தாச்சு. லண்டன் 2012-ல பெண்கள் எஃப்35/36 வட்டு எறிதல்ல புள்ளிக்கணக்கே தப்பாப் போட்டு, உக்ரைனுக்குப் போன தங்கத்தைச் சீனாவுக்கு மாத்தினாங்க. அன்னன்னைக்கு ராத்திரி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை வெச்சு வாதாடாதீங்க, போட்டி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை சரிபாருங்க.

நாடு நெடுவரிசையில ரஷ்யாவையும் கவனிங்க. ரியோவுல தடை, டோக்கியோவுல வேற பேருல 36 தங்கம், பாரிஸ்ல பெலாரஸ் ஆளுங்களோட சேந்து நடுநிலை வீரர்கள்னு 26 தங்கம் எடுத்தும் பட்டியல்ல இடம் கிடையாது. அந்த நடுநிலை அணியை ஒண்ணா எண்ணியிருந்தா பாரிஸ்ல பிரேசிலுக்கு மேல நின்னிருப்பாங்க. ஒரு நாடு ரியோவுல மேல வந்து டோக்கியோவுல கீழ போனா, முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும்.

தாரமங்கலம் 636502
இழையைப் படிச்சேன். கேள்வி கொஞ்சம் விலகி இருந்தா மன்னிக்கணும். யுடிஐடி கார்டுல (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) 60 சதவீதம்னு போட்டிருந்தா பாரா தடகளத்துல எந்த கிளாஸ் வரும்? காது கேக்காதவங்களுக்கு எந்த கிளாஸ்?

குகை வாசி
விலகல் ஒண்ணும் இல்லீங்க. பட்டியல் ஏன் இப்படி இருக்குங்கறதுக்குப் பாதி பதில் இதுலதான் இருக்கு.

யுடிஐடி சதவீதத்துக்கும் விளையாட்டு கிளாஸுக்கும் சம்பந்தமே இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகைக் குறைபாடு, 40 சதவீதம் இருந்தா சலுகை. பாராலிம்பிக்ஸ்ல ஏத்துக்கறது 10 வகைதான், அதுலயும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. 60 சதவீதம் போட்ட கார்டு இருந்தும் தகுதி இல்லாமப் போகலாம். அதே ஆள் தடகளத்துல தகுதி இல்லாம பேட்மின்டன்ல தகுதியாவும் இருக்கலாம்.

காது கேளாதவங்க பாராலிம்பிக்ஸ்ல கிடையாது, அவங்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் தனி. மதுரை ஜெர்லின் அனிகா பிரேசில்ல 2022 மே மாசம் 3 தங்கம் எடுத்தது அதுல. அந்தப் பதக்கத்தையும் பாராலிம்பிக்ஸ் பதக்கத்தையும் கூட்டி ஒரு எண் சொல்றாங்க பாருங்க, அதை நம்பாதீங்க. அறிவுத்திறன் குறைபாட்டுக்கு தடகளத்துல டி20, நீச்சல்ல எஸ்14 இருக்கு. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அது வேற அமைப்பு.

சேர்வராயன்
குகை வாசி சொன்னதோட கொஞ்சம் சேக்கறேன். கிளாஸை டாக்டர் சர்டிபிகேட்டைப் பாத்து முடிவு பண்ண மாட்டாங்க. மருத்துவப் படிவம், ரிப்போர்ட், எக்ஸ்ரே எல்லாம் முன்கூட்டியே போகணும். அப்புறம் வகைப்படுத்தற குழு நேர்ல தசை வலிமை, மூட்டு அசைவு, கால் நீளம் அளப்பாங்க. விளையாட்டை ஆடச் சொல்லிப் பாப்பாங்க, நீச்சல்னா தண்ணியிலயும். தேவைன்னா போட்டியிலயும் கவனிப்பாங்க. மாநில அளவுல கிடைச்ச கிளாஸ் வெளிநாட்டுல செல்லாது, சர்வதேசக் குழு உக்கார்ற போட்டியில திரும்ப ஒரு தடவை நிக்கணும்.

ஸ்டார்ட் லிஸ்ட்ல பேருக்குப் பக்கத்துல என், ஆர், சி ஏதாவது ஒண்ணு இருக்கும். "என்" இருந்தா புதுசு, "ஆர்" இருந்தா மறுபரிசீலனை பாக்கி, "சி" இருந்தா உறுதியாச்சு. ஆர் போட்ட ஆள்மேல பதக்கக் கணக்கு கட்டாதீங்க. கிளாஸ் ஒரு படி மாறினா முதல் இடத்துல இருக்கறவர் எட்டாவது இடத்துக்குப் போயிடுவாரு, அவருக்கான ஈவென்ட்டே இல்லாமலும் போகலாம். கருப்பூர் தம்பி ஷீட்டுல இதுக்கும் ஒரு நெடுவரிசை வேணும்.

ஏற்காடு மூடுபனி
எல்லாஞ் சரி, எந்நேரத்துக்கு முழிச்சிருக்கணும், அதைச் சொல்லுங்க.

கருப்பூர் கணக்கு
முழிக்கவே வேண்டாம். நாகோயா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னாடி. அங்க காலை 10 மணி, இங்க 6.30. அங்க சாயந்திரம் 7 மணி, இங்க மதியம் 3.30. வேலைக்குப் போறவங்களுக்குத்தான் கஷ்டம். 2028 ஆகஸ்ட் 15-27 லாஸ் ஏஞ்சலஸ் அப்படியே தலைகீழ், பன்னிரண்டரை மணி நேரம் பின்னாடி. அங்க காலை 10-க்குத் தொடங்கறது இங்க ராத்திரி 10.30, அங்க சாயந்திரம் 6 மணி நமக்கு மறுநாள் காலை 6.30. தேதியைக் குறிக்கறப்ப அந்த ஊர்த் தேதியையே போடுங்க, இல்லன்னா ஒரே பதக்கம் ரெண்டு நாள்ல ஏறிடும்.

சேர்வராயன்
லாஸ் ஏஞ்சலஸ்ல பாரா க்ளைம்பிங் புதுசா வருது. ஷீட்டுல "புது ஈவென்ட்"னு ஒரு குறி இப்பவே போட்டு வைங்க.

ஓமலூர் பஸ்ஸ்டாண்டு
ஷீட்டை ஆரம்பிச்சாச்சு. ஹாங்சோ தடகளம் 55 பதக்கம், 18 தங்கம், இதை முதல்ல ஏத்தறேன். பேட்மின்டன் 21-ஐ குகை வாசி அக்கா பாத்துக்கறீங்களா? கிளாஸ் வாரியாப் பிரிச்சு, கலப்பு இரட்டையரைத் தனியாப் போட்டுத் தாங்க.

குகை வாசி
சரி. ஒவ்வொரு ஈவென்ட்லயும் எத்தனை பேர் இறங்கினாங்கங்கற எண்ணையும் போட்டுத் தர்றேன். நாலு பேர் ஆடின ஈவென்ட் வெண்கலமும் பதினாறு பேர் ஆடினதும் ஷீட்டுல ஒண்ணாத் தெரியக் கூடாது.